மாஸ்டர், இதுக்கு எந்த ஸ்ட்ரிங் போடலாம்?

ஃப்ரெட்லெஸ் பேஸ் வாங்கிய கையோடு என்னிடம் வரும் பிள்ளைகள் தலைப்பில் உள்ள கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரு பிராண்டு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே பிள்ளை வேறு பிராண்டைத் தேடிக் கடை ஏறும். பேஸ் தந்தி செட் ஒன்றின் விலைக்குச் சாதாரண கிட்டார் தந்தி பல செட் வாங்கலாம். இந்தச் சோதனை யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் மெல்லிசை மேடையிலும் ரெக்கார்டிங்கிலும் பேஸ் வாசித்தே காலத்தைக் கழித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். ஃப்ரெட் உள்ள பேஸில் தந்தியைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஃப்ரெட்லெஸ்ஸில் அது நடக்காது. தந்தியும் அதற்குக் கீழே இருக்கும் பலகையும் ஒரு ஜோடி. தேர்ந்தெடுப்பது அந்த ஜோடியைத்தான்.

1. எந்த ஒலி வேண்டும் என்பதை முதலில் காது தீர்மானிக்கட்டும்.

"நல்ல டோன்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. ஜாகோ பாஸ்டோரியஸ் 1976-ல் தன் பெயரிலேயே வெளியிட்ட தட்டில் உள்ள 'கன்டினியம்', அடுத்த ஆண்டு வெதர் ரிப்போர்ட் குழுவோடு அவர் வாசித்த 'எ ரிமார்க் யூ மேட்' இரண்டையும் கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் விளிம்பு தெரியப் பேசும்; பின்னால் ஒரு முனகல் இழையும். பிறகு 1983-ல் பால் யங் பாடிய 'வேர்எவர் ஐ லே மை ஹேட்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். அங்கே பினோ பல்லடினோவின் ஃப்ரெட்லெஸ் உருண்டையாக, பாடகருக்குச் சமமாக நின்று பாடும். மூன்றாவதாக ஜாஸ் தட்டு எதையாவது போட்டு, அதில் டபுள் பேஸ் வரும் இடங்களைக் கவனியுங்கள்: 'தும்' என்று விழுந்து சட்டென்று அடங்கும். ஃப்ரெட்லெஸ் வாசிப்பவர்கள் தேடுவது ஏறக்குறைய இந்த மூன்றில் ஒன்றைத்தான், அல்லது இரண்டுக்கு நடுவே ஓரிடத்தை. உங்களுடையது எது என்று சொல்லத் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

2. அந்த முனகல், அதாவது 'ம்வா', எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஃப்ரெட் உள்ள பேஸில் தந்தி ஒரு உலோகக் கட்டையின் முனையில் போய் நிற்கிறது. அதிர்வு அங்கே கூர்மையாக வெட்டுப்படும். ஃப்ரெட்லெஸ்ஸில் தந்தி ஒரு பக்கம் விரல் சதையிலும் மறுபக்கம் தட்டையான மரத்திலும் படுகிறது. சதை மேல்ஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் விழுங்கும். மரமோ, தந்தி அதிரும்போது விரலுக்கு முன்னால் சிறிது தூரம் வரை அதை உரசிக்கொண்டே இருக்கும். தம்புராவில் ஜீவா நூலை நகர்த்தி நாதத்தைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தந்தி பாலத்தின் சரிவை உரசுவதால் எழும் ரீங்காரம்தான், இங்கே பலகையின் மேல் 'ம்வா' என்று மலர்கிறது. ஆகவே தந்தியின் மேற்பரப்பு சொரசொரப்பா வழுவழுப்பா, அது எவ்வளவு விறைப்பு, பலகை எவ்வளவு கெட்டி, இடைவெளி எவ்வளவு என்று நான்கும் சேர்ந்துதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. தந்தி அதில் ஒரு பங்கு. பெரிய பங்குதான், ஆனாலும் ஒரு பங்கு.

3. காசைச் செலவழிப்பதற்கு முன் செட்டப்பைப் பாருங்கள்.

'ம்வா' வரவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்படும் பேஸ்களில் பாதிக்கு மேல் தந்தியில் ஒரு குறையும் இருப்பதில்லை. நட்டில் தந்தி உயரமாக உட்கார்ந்திருக்கும். ஃப்ரெட்டைத் தாண்ட வேண்டிய அவசியம் இல்லாததால், ஃப்ரெட்லெஸ் நட்டின் பள்ளம் மிகத் தாழ்வாக இருக்கலாம். தந்திக்கும் பலகைக்கும் நடுவே, நட்டை ஒட்டி, ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். ஃப்ரெட் உள்ள பேஸுக்கு வெட்டிய நட்டை அப்படியே விட்டுவிட்டு ஃப்ரெட்டை மட்டும் பிடுங்கிய வாத்தியங்களில் இந்தக் கோளாறு நிச்சயம் இருக்கும்.

அடுத்து கழுத்தின் வளைவு. தந்தியை முதல் ஃப்ரெட் இருக்க வேண்டிய இடத்திலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் தெரிகிற இடைவெளிதான் வளைவு. ஃப்ரெட்லெஸ்ஸுக்கு அது மயிரிழை அளவு இருந்தால் போதும்; கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் டிரஸ் ராடைத் தொட வேண்டியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதைக் கைதேர்ந்த கிட்டார் ரிப்பேர்காரரிடம் விடுங்கள். பழகியவர்களும் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், மரம் அடங்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். கடைசியாகப் பிரிட்ஜ் சேடிலை இறக்குங்கள். இந்த மூன்றும் சரியானதும் பழைய தந்தியே பேச ஆரம்பித்தால், செட் வாங்க வைத்திருந்த காசு உங்களுக்கு மிச்சம்.

4. ரவுண்ட்வுண்ட்: ஒலிக்காகக் கொடுக்கிற விலை தெரிந்து போடுங்கள்.

நடுவே ஒரு எஃகு இழை. அதன்மேல் உருண்டையான கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். நகத்தை அதன் நீளத்தில் இழுத்தால் 'கர்ர்' என்று மேடுபள்ளம் தட்டும். இந்த வகைத் தந்தி பேஸுக்கு வந்ததில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் தன் பேஸ் பியானோவின் கீழ்க்கட்டைகளைப் போல முழங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, 1966-ல் அதன் நிறுவனர் ஜேம்ஸ் ஹவ்வோடு சேர்ந்து பரிசோதனை செய்ததில் பிறந்தது அது. 'ஸ்விங் பேஸ் 66' என்ற பெயரில் இன்றும் விற்கிறார்கள். ஃப்ரெட் நீக்கிய 1962 மாடல் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஜாகோ மாட்டியதும் அதே தந்திதான்.

இதில் கிடைக்கும் தெளிவும் முனகலும் வேறு எதிலும் இவ்வளவு சுலபமாக வராது. அதற்கு விலை மரம். ரோஸ்வுட் பலகையில் ரவுண்ட்வுண்ட் மாட்டித் தினமும் வாசித்துவிட்டு, சில மாதம் கழித்து தந்திகளைத் தளர்த்தி, பலகையை டேபிள் விளக்குக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஜி தந்திக்குக் கீழே, ஐந்தாம் இடத்திலிருந்து ஒன்பதாம் இடம் வரை, நீளவாக்கில் ஒரு மங்கிய தடம் ஓடும். அதற்குள் அரத்தால் ராவியது போன்ற பொடிப்பொடி வரிகள். நீங்கள் அதிகம் அசைவு கொடுக்கிற சுரம் எது என்று பலகையே காட்டிக்கொடுத்துவிடும். தடம் ஆழமானால் அந்த இடத்தில் மட்டும் ஒலி மாறும், தந்தி அதிரும்போது சலசலக்கும். பிறகு பலகையைச் சீவிச் சமன் செய்ய வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் மரம் குறைகிறது. ஜாகோ தன் பலகைக்குப் படகுக்குப் பூசும் எப்பாக்ஸியைப் பூசியது அழகுக்காக அல்ல. பூச்சு மரத்தைக் காத்தது. கெட்டியாக இருந்ததால் ஒலியையும் கூர்மையாக்கியது. அவர் ஒலியைக் கேட்டுவிட்டு அவர் தந்தியை மட்டும் வாங்குகிறவர்கள் பாதி ஜோடியைத்தான் வாங்குகிறார்கள்.

ரவுண்ட்வுண்ட் போட்டே ஆக வேண்டும் என்றால், கிட்டார்காரர்களைப் போலத் தந்தியைக் குறுக்கே இழுத்து அசைக்காதீர்கள். வயலின்காரர் செய்கிற மாதிரி விரல் நுனியைத் தந்தியின் நீளவாக்கில் உருட்டுங்கள். மரமும் தப்பிக்கும், அசைவும் அழகாக இருக்கும்.

5. ஃப்ளாட்வுண்ட் என்றால் மொக்கை ஒலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதில் வெளிச்சுற்று தட்டையான நாடா. நகத்தை இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். 1951-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்த காலத்தில் பேஸுக்குக் கிடைத்தது பெரும்பாலும் இந்த வகைதான். மோடவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது பெரும்பாலும் லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வுண்டில். அவருடையது ஃப்ரெட் உள்ள பேஸ், ஆனால் அந்தத் தந்தியின் குணம் அங்கே நன்றாகத் தெரியும்.

ஃப்ரெட்லெஸ்ஸில் இதன் பெரிய லாபம் ஜாரு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகும்போது 'க்ரீச்' இல்லை. கர்நாடக சங்கீதம் பழகிவிட்டு பேஸுக்கு வந்தவர்களுக்கு, கமகம் கொடுக்கும் பிள்ளைகளுக்கு, நான் முதலில் கையில் கொடுப்பது ஃப்ளாட்வுண்ட்தான். சென்னையில் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. மைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவான பாட்டு வாசித்தால் விரல் சத்தம் கேட்காது.

'ம்வா' வராது என்பது கட்டுக்கதை. செட்டப் தாழ்வாக இருந்து, பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைத் திறந்து வாசித்தால் நன்றாகவே வரும். ஒலியின் மேல்விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கும். எந்தக் கம்பெனி என்பதிலும் வித்தியாசம் உண்டு. டி'அடாரியோ குரோம்ஸ் புதிதில் கொஞ்சம் பளிச்சென்று, விறைப்பாக இருக்கும். வியன்னாவின் தோமஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃப்ளாட்ஸ் மெலிந்து, நெகிழ்ந்து, நடுஒலி நிறைந்து பாடும். விலையைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மூன்று நான்கு ரவுண்ட்வுண்ட் செட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

6. நடுவில் இருப்பதைத் தயங்காமல் முயலலாம்.

ரவுண்ட்வுண்டாகச் சுற்றி, மேல்பரப்பை மட்டும் தேய்த்துச் சமன் செய்தது ஒரு வகை. ஹாஃப்ரவுண்ட் என்றோ கிரவுண்ட்வுண்ட் என்றோ விற்பார்கள். தேய்க்காமல் அழுத்தித் தட்டையாக்கியது இன்னொரு வகை, பிரஷர்வுண்ட். ஒலியும் தேய்மானமும் ரவுண்ட்வுண்டுக்கும் ஃப்ளாட்வுண்டுக்கும் நடுவே. வெறும் ரோஸ்வுட் பலகை வைத்துக்கொண்டு ஜாகோ ஒலிக்கு ஏங்குகிற பிள்ளைகளுக்கு இது நியாயமான சமாதானம்.

7. டேப்வுண்ட்: முதலில் நட்டை அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

உலோகச் சுற்றுக்கு மேல் நைலான் நாடா சுற்றிய தந்தி, பெரும்பாலும் கறுப்பு. உள்ளே எஃகு இருப்பதால் காந்தப் பிக்கப்புக்குக் கேட்கும். டபுள் பேஸ் ஒலிக்கு மிக அருகில் வருவது இதுதான், மரத்துக்கும் துளி சேதம் இல்லை. ஜாஸ் குழுவிலோ கிட்டார்-குரல்-பேஸ் என்று சிறிய கச்சேரியிலோ வாசிப்பவருக்கு என் முதல் சிபாரிசு இது. சிக்கல் பருமனில். லா பெல்லாவின் கறுப்பு நைலான் செட் ஒன்று 60-ல் தொடங்கி 115-ல் முடிகிறது (இந்த எண்களின் கணக்கு ஒன்பதாம் அறிவுரையில்). ரோட்டோசவுண்ட் 'ட்ரூ பேஸ்' இன்னும் தடிப்பு. சாதாரண 45-105 செட்டுக்கு வெட்டிய நட்டில் இவை உட்காராமல் மேலே தொத்திக்கொண்டு நிற்கும். பள்ளத்தை அகலப்படுத்திவிட்டால் பழைய மெல்லிய தந்திக்கு அது தளர்வாகிவிடும். ஆக, டேப்வுண்ட் என்பது கிட்டத்தட்ட நிரந்தரத் தீர்மானம். நட்டைத் தொட மனமில்லாதவர்கள் டி'அடாரியோவின் 50-105 போன்ற மெலிந்த டேப்வுண்டைப் பாருங்கள்.

8. உலோகத்தையும் கவனியுங்கள், முக்கியமாகக் கடற்கரை ஊர்க்காரர்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்று பளிச்சென்று ஒலிக்கும், வியர்வையைத் தாங்கும், ஆனால் கெட்டியானது; மரத்தை அதிகம் தின்னும். நிக்கல் முலாம் பூசிய எஃகு அதைவிட இதமான ஒலி, விரலுக்கும் பலகைக்கும் கொஞ்சம் இரக்கம். ஆனால் முலாம் தேய்ந்த இடத்தில் துரு பிடிக்கும், சென்னை மாதிரி உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள ஊரில் சீக்கிரமே. சுத்த நிக்கல் இன்னும் மென்மை. வெறும் ரோஸ்வுட் பலகையில் ரவுண்ட்வுண்ட் போடுவதானால் ஸ்டெயின்லெஸ்ஸைத் தவிர்த்து நிக்கல் வாங்குங்கள். கருங்காலிப் பலகை என்றால் ஸ்டீல் போடலாம். அதுவும் தேயும், ஆனால் தாமதமாக.

9. பருமனும் இழுப்பும் வேறு வேறு.

பாக்கெட்டில் 45-65-80-105 என்று போட்டிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் பருமன். உங்கள் விரலும் பேஸின் கழுத்தும் உணர்வது பருமனை அல்ல, இழுப்பை. 34 அங்குல நீளத்தில் இ தந்தி 41 ஹெர்ட்ஸ், ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ் அதிர வேண்டும். நீளமும் சுருதியும் மாறாதபோது தந்தி கனக்கக் கனக்க இழுப்பு கூடும். சாதாரண ரவுண்ட்வுண்ட் செட்டில் நான்கு தந்தியும் சேர்ந்து கழுத்தை சுமார் 80 கிலோ விசையோடு இழுக்கின்றன. அதே பருமனில் ஃப்ளாட்வுண்ட் வாங்கினால் இடுக்கில்லாமல் உலோகம் நிறைந்திருப்பதால் பெரும்பாலும் கனமும் இழுப்பும் அதிகம். தோமஸ்டிக் போன்றவை விதிவிலக்கு.

இழுப்பு குறைந்த தந்தி அகலமாக ஆடும். தாழ்வான செட்டப்பில் முனகலும் உடனே வரும். கொஞ்சம் பலமாக அடித்தால் பலகையில் சடசடவென்று அடித்தும் விடும். கை கனமானவர்களுக்கு இழுப்பு கூடிய செட், கை இதமானவர்களுக்குக் குறைந்தது. உங்கள் கை எந்த ரகம் என்று பக்கத்தில் டிரம்ஸ் வாசிப்பவரைக் கேளுங்கள், நீங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டாம். தந்தி வகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் கழுத்தின் வளைவு மாறும். மூன்றாம் அறிவுரையை மறுபடி செய்தாக வேண்டும். புது செட் மாட்டிய அன்றைக்கே "இது சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் பெரும்பாலும் பழைய தந்திக்கு வைத்த வளைவில் புதுத் தந்தியைக் கேட்டவர்கள்.

10. மாட்டுவதில் அவசரம் வேண்டாம்.

தந்தியை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் கழுத்து பின்பக்கம் சாய்ந்து, மறுபடி அடங்க நேரம் எடுக்கும். பலகையைத் துடைக்க வேண்டிய நாளில் மட்டும் விதிவிலக்கு.

ஃப்ளாட்வுண்டையும் டேப்வுண்டையும் வெட்டும் முறை இருக்கிறது. முழுத் தந்தியையும் பிரிட்ஜிலிருந்து இழுத்துப் பிடித்து, டியூனர் முளைக்கு அப்பால் ஒரு சாண் விட்டு அளந்துகொள்ளுங்கள். வெட்டப்போகும் இடத்துக்குச் சற்று முன்னால் குறடால் செங்குத்தாக ஒரு மடிப்பு. அந்த மடிப்பைத் தாண்டித்தான் வெட்ட வேண்டும். மடிக்காமல் வெட்டினால் வெளி நாடா உள் இழையிலிருந்து நழுவும். தந்தி மாட்டிய பிறகும் உயிரில்லாமல் இருக்கும், ஏன் என்று தெரியாது. முளைக்குப் பக்கத்தில் பட்டுநூல் சுற்றியிருப்பது நட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பட்டு நட்டிலோ சேடிலிலோ உட்கார்ந்தால் அந்தச் செட் உங்கள் பேஸின் நீளத்துக்கானது அல்ல. தந்தி முறுக்கிக்கொள்ளாமல் முளையில் மேலிருந்து கீழாகச் சுற்றட்டும். சுருதி சேர்த்த பிறகு நட்டுக்கும் சேடிலுக்கும் முன்னால் தந்தியைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திவிடுங்கள். அங்கே வளைந்து நிற்கிற தந்தி நேராகும், சுருதியும் தெளியும்.

11. வலது கையை நகர்த்திப் பார்க்காமல் மூன்றாவது செட் வாங்காதீர்கள்.

பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் ரவுண்ட்வுண்டின் பாதி குணம் ஃப்ளாட்வுண்டிலேயே வரும். கழுத்துப் பக்கம் மீட்டினால் ரவுண்ட்வுண்டும் குழைந்துவிடும். இரண்டு பிக்கப் உள்ள பேஸில் பின்பக்கத்தைத் திறந்து முன்பக்கத்தை மூடிப் பாருங்கள். இதெல்லாம் இலவசம்.

12. வயதைத் தந்தியின் குணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரவுண்ட்வுண்ட் மாட்டிய நாளில் உச்சத்தில் இருக்கும். சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் ஏற ஏறச் செத்துக்கொண்டே வரும். ஃப்ளாட்வுண்டுக்குக் கதையே வேறு. புதிதில் ஒரு உலோகப் பளபளப்பு இருக்கும். பல வாரம் வாசித்து அது போன பிறகுதான் அதன் நிஜக் குரல் வெளியே வரும். ஜேமர்சன் தந்தி அறுந்தால் ஒழிய மாற்றியதில்லை என்பார்கள். அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆறு மாதப் பழைய ரவுண்ட்வுண்டை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்; அவர் வாசித்தது ஃப்ளாட்.

வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடையுங்கள். கீழ்ப்பக்கத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், பலகையை உரசுவதோ அதுதான். செத்துப்போன ரவுண்ட்வுண்டைக் கழற்றி, மூடியுள்ள குழாயில் ஸ்பிரிட் ஊற்றி ஒரு இரவு ஊறவைத்து, நன்றாக உலர்த்தி மாட்டினால் இன்னும் சில வாரம் ஓடும். நைலான் தந்திக்கு இந்த வேலை கூடாது. ஃப்ளாட்டுக்குத் தேவையும் இல்லை.

13. தனியாகக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அறையில் தனியாக வாசிக்கும்போது மயக்கும் ஒலி, டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் காணாமல் போகும். ஃபோன் போதும். ஒரே நான்கு வரியை, ஒரே வால்யூமில், பழைய தந்தியிலும் புதியதிலும் பதிவு செய்து, பாட்டோடு கலந்து கேளுங்கள். தந்தி மாற்றிய நாளில் ஆம்ப்பில் கை வைக்க வேண்டாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசி வரை தெரியாது. தேதி, செட், சேடில் உயரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என் மாணவர்களில் இதைச் செய்பவர்கள் குறைவு. செய்பவர்கள் கடையில் குழம்புவதில்லை.

14. சுருதிக்குத் தந்தியைக் குறை சொல்லாதீர்கள்.

ஃப்ரெட்லெஸ்ஸில் விரல் நிற்க வேண்டியது ஃப்ரெட் இருக்க வேண்டிய கோட்டின் மேலேயே. ஃப்ரெட் உள்ள பேஸில் பழகியது போலச் சற்றுப் பின்னால் அல்ல. கோடு போட்ட பலகை வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, வாங்குங்கள். புது செட் மாட்டியதும் சேடிலை முன்பின் நகர்த்தி, பன்னிரண்டாம் இடத்தில் ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஒன்றாகச் சேர்கிறதா என்று பாருங்கள். பருமன் மாறினால் இந்த இடமும் மாறும். இதை விட்டுவிட்டால், கோட்டின் மேல் சரியாக விரல் வைத்தாலும் மேல்ஸ்தாயியில் பிசகும், காது குழம்பும்.

15. எதைப் போடுவது என்று இன்னும் கேட்பவர்களுக்கு.

வெறும் ரோஸ்வுட் பலகை, முதல் ஃப்ரெட்லெஸ், கலவையாக எல்லாப் பாட்டும் வாசிக்க வேண்டும் என்றால் 45-100 ஃப்ளாட்வுண்ட். அதே பலகை, கூர்மையான ஒலி வேண்டும் என்றால் ஹாஃப்ரவுண்ட் அல்லது நிக்கல் ரவுண்ட்வுண்ட். கருங்காலி அல்லது எப்பாக்ஸி பூசிய பலகை, ஜாகோ மேல் தீராத ஆசை என்றால் ஸ்டீல் ரவுண்ட்வுண்ட். பிரிட்ஜ் பிக்கப்பைத் திறந்து வாசியுங்கள். டபுள் பேஸ் தூக்க முடியாதவர்களுக்கு டேப்வுண்ட். பலகைக்கு நீங்களாகவே எப்பாக்ஸி பூச முயலாதீர்கள். குமிழி விழுந்த பூச்சைச் சுரண்டி எடுப்பது ஃப்ரெட் பிடுங்குவதைவிடப் பெரிய வேலை.

16. ஐந்து தந்திக்காரர்களுக்கு.

பி தந்தி 31 ஹெர்ட்ஸ். அது தளர்ந்து தொங்கினால் மற்ற நான்கும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. ஃப்ளாட்வுண்ட் செட்டில் பி தந்தி மட்டும் ஊமையாக இருப்பது சகஜம். நான்கு தந்திக்கு ஒரு செட் வாங்கி, பி-யைத் தனியாக 130 பருமனில் வாங்கிச் சேர்க்கலாம். சேடிலில் உட்காரும் முனை மெலிந்துவரும் டேப்பர் வகை கிடைத்தால் இன்னும் தெளிவு. வாங்குவதற்கு முன் உங்கள் பேஸில் அந்தப் பருமன் டியூனர் முளையின் துளைக்குள் நுழைகிறதா என்று பார்த்துவிடுங்கள்.